ஒரு பிடி அரிசியும் இரண்டு காசும்

ஆராதனையில் காணிக்கைப் பை நம்ம வரிசைக்கு வரும்போது பத்து ரூபாயை நாலாக மடித்து, யாருக்கும் தெரியாதபடி கையை உள்ளே விட்டுப் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறோமே என்ற கூச்சம்தான், வேறென்ன. இந்தக் கூச்சம் நியாயமானதுதானா என்று ரொம்ப நாளாக ஒரு கேள்வி இருந்தது. மிசோரம் சபைகளின் ஒரு வழக்கத்தைப் பற்றி வாசித்தபோது அதற்குப் பாதி பதில் கிடைத்தது. மீதிப் பதிலைத் தேடி வேதாகமத்துக்குள் போக வேண்டியிருந்தது.

அந்த வழக்கத்தின் பெயர் புஹ்ஃபாய் தாம். மிசோ மொழியில் புஹ்ஃபாய் என்றால் அரிசி, தாம் என்றால் ஒரு கைப்பிடி. நம்ம ஊரில் பிடி அரிசி என்றால் காஞ்சி மகா பெரியவர் சொன்ன திட்டம் பலருக்கு ஞாபகம் வரும். கிட்டத்தட்ட அதே யோசனைதான். லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் 1894 ஜனவரியில் மிசோ மலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பதினாறு வருஷம் கழித்து, 1910-ல், இந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கை தொடங்கியது. உலை வைக்கிற பெண், அரிசியை அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார். சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து, விற்றுப் பணமாக்கி ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். நூறு வருஷம் தாண்டியும் இந்த வழக்கம் அங்கே நிற்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிடி 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு வேளை சமையல் என்றால் 80 கிராம். வருஷத்துக்கு 29 கிலோ சொச்சம். நூறு வீடு உள்ள கிராமத்தில் கிட்டத்தட்ட 3 டன்! ஆனால் எந்த வீட்டிலும் அந்த ஒரு பிடியால் யாரும் பசியோடு படுத்திருக்க மாட்டார்கள்.

சிறுதுளி பெருவெள்ளம், இதில் என்ன புதுசு என்று கேட்கலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 3 டன் அல்ல. கையில் காசே அதிகம் புழங்காத ஒரு மலைக் கிராமத்தில் பணம்தான் காணிக்கை என்று வைத்திருந்தால், பாதிப் பேர் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அடுப்பும் அரிசியும் பெண்கள் கையில் இருந்தன. காணிக்கையை அங்கிருந்து தொடங்கியதும், தன்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கக்கூடிய பெண்ணும் சபைக்குக் கொடுக்கிறவளாக ஆகிவிட்டாள். வாங்குகிறவள் என்ற இடத்திலிருந்து கொடுக்கிறவள் என்ற இடத்துக்கு வருவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். வழக்கம் தொடங்கிய மறு வருஷமே, 1911-ல், அந்த மலையில் மௌதாம் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒருமுறை அங்கே மூங்கில் மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் காய் தீர்ந்ததும் அவை நெல்லுக்கு வரும். இப்படிப்பட்ட ஊரில் மாதம் இத்தனை கிலோ என்று சபை விதித்திருந்தால் அது வரியாகிவிடும், பஞ்சத்தில் கடனாகிவிடும். ஆனால் பிடி அரிசியின் கணக்கே வேறு. உலை வைத்தால்தான் பிடி. உலை வைக்காத நாளில் பாக்கி எதுவும் இல்லை. கொடுக்கிற அளவு கொடுப்பவரின் பானையோடு கட்டப்பட்டிருக்கிறது.

இங்கேதான் எனக்கு மாற்கு 12-ஆம் அதிகாரத்து ஏழை விதவை நினைவுக்கு வந்தார். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் அவர் போட்டது இரண்டு லெப்டா, நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு காசு. அன்றைய தினக்கூலி ஒரு தெனாரியம். அதில் 64-ல் ஒரு பங்குதான் இந்த இரண்டு காசும். இன்றைக்குக் கூலி 640 ரூபாய் என்றால் அவர் போட்டது பத்து ரூபாய். நான் மடித்துப் போட்ட அதே பத்து ரூபாய்! ஆனால் எனக்கு அது மிச்சத்தில் ஒரு துணுக்கு. அவருக்கு அதுதான் மொத்தப் பிழைப்பும்.

இந்தக் கதையைச் சொல்லி, இருப்பதையெல்லாம் கொடுங்கள் என்று பிரசங்கம் பண்ணுவது சுலபம். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசித்தால் கொஞ்சம் தயங்குவோம். அங்கே இயேசு, விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் கண்டிக்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அந்தத் தேவாலயமே இடிந்து போகும் என்கிறார். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த விதவை வருகிறார். அதிகமாகக் கொடுத்தவர் இவர்தான் என்று இயேசு சொல்கிறாரே தவிர, நீங்களும் போய் இப்படியே செய்யுங்கள் என்று சொல்லவில்லை. அடிசன் ரைட் என்ற விவிலிய அறிஞர் 1982-ல் எழுதிய கட்டுரையில், இது பாராட்டா, புலம்பலா என்றே கேட்டார். என் வாசிப்பில் இரண்டும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் மனசுக்குப் பாராட்டு, கடைசிக் காசையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட அமைப்பின்மேல் வருத்தம்.

பவுல் இதை நடைமுறைக்குக் கொண்டுவருகிறார். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்க்கும்போது எழுதிய 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவருக்கு இல்லாததை வைத்து அல்ல, இருப்பதை வைத்தே அவர் கொடுப்பது ஏற்கப்படும் என்கிறார். மற்றவர்கள் சுகப்பட நீங்கள் கஷ்டப்பட வேண்டும் என்பது நோக்கமில்லை, ஒரு சமநிலை வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. இந்தப் பணத்தைக் கையாளுவதில் யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்று, சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்புகிறார். உலை வைத்தால்தான் பிடி என்ற மிசோ வழக்கத்தை அவர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

ஆக, சின்னக் காணிக்கையின் மதிப்பு அது சேர்ந்து பெரிசாவதில் மட்டும் இல்லை. யாரையும் வெளியே நிறுத்தாததிலும், யாரையும் பிழிந்து எடுக்காததிலும் இருக்கிறது. கூச்சப்பட வேண்டியவர் பத்து ரூபாய் போடுகிறவர் அல்ல. யாரிடமிருந்து வந்தது என்று நினைத்துப் பார்க்காமல் அதைச் செலவு செய்கிறவர்தான். ஒரு லட்சம் கொடுத்தவர் ரசீது கேட்பார், கணக்கும் கேட்பார். பிடி அரிசி போட்ட அம்மா கேட்க மாட்டார். அவர் கேட்காமலே அவருக்குக் கணக்குச் சொல்கிற சபையில்தான் அந்த ஒரு பிடி உண்மையிலேயே காணிக்கையாகிறது.