உங்களுக்குத் தெரியுமா? லான்சர் காருக்கு ஒரு கால்பந்து அண்ணன்!

திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாரானது பலருக்கு நினைவிருக்கும். அதே மிட்சுபிஷியின் கம்பெனி அணியாக (நம்ம ஐ.சி.எஃப். டீம் மாதிரி) 1950-இல் ஜப்பானின் கோபே நகரில் பிறந்ததுதான் உராவா ரெட்ஸ் கால்பந்து கிளப்.

1999 சீசனின் கடைசி ஆட்டம். 90 நிமிடத்துக்குள் ஜெயித்தால்தான் முதல் டிவிஷனில் இடம். கோலே விழவில்லை. கூடுதல் நேரத்தில் உராவா வீரர் ஃபுகுடா கோல் அடித்தார். ஜெயித்தும் அணி கீழே இறங்கியது. விஷயம் புரியாமல் ஓடிவந்து கட்டிப்பிடித்த சக வீரரை அவர் உதறித் தள்ளினார், பாவம்!

மறு ஆண்டே இரண்டாம் டிவிஷனில் 2-ஆம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். 2006-இல் ஜப்பான் சாம்பியன். 2007-இல் ஆசிய சாம்பியன்.