புறவாசலில் ஒரு சுதேசியம்

கோடை முடியும் தறுவாய். பொதிகை முகட்டில் மேகம் கூடத் தொடங்கிவிட்டது, மேல்காற்று எழுந்துவிட்டது, சாரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. இச்சமயத்தில் பாபநாசத்து வீடு ஒன்றின் புறவாசலில் அரை நாழிகை நின்று பாருங்கள். தேச விஷயங்களை ஆராயும் நமக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இதுவும் தேச காரியமே என்பது நமது அபிப்பிராயம்.

வேம்பு பழுத்து உதிர்கிறது. மைனாவும் காகமும் அணிலும் பழத்தைத் தின்று கொட்டையை வேலியோரம் போட்டுவிடுகின்றன. நட்டவரின்றி அங்கே கன்று முளைக்கிறது. மேல்கிளையில் ஒரு காகம் தன் குஞ்சென்று எண்ணி இரையூட்டுகிறது. வாய் பிளந்து கெஞ்சுவதோ குயிற்குஞ்சு! வேலியிலே ஓணான் தலையும் கழுத்தும் சிவந்து நிற்கிறது. இரத்தம் உறிஞ்சும் பிராணி என்று சிறுவர் அதன்மீது கல்லெறிகின்றனர். அச்சிவப்போ இனம் பெருக்கும் காலத்தில் ஆண் ஓணானுக்கு வரும் நிறம். அது உண்பது பெரும்பாலும் பூச்சிகளை. நமக்கு உபகாரம் செய்யும் பிராணியை அறியாமையால் தண்டிக்கிறோம்.

மலையடிவாரத்தில் காடு முடிந்தது என்பது மனிதனின் கணக்கு. 1988-ல் ஏற்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்கோடு நாட்டுக்குரங்குக்குத் தெரியாது. தென்னிந்தியாவுக்கே உரிய அவ்வினத்துக்கு யாத்திரிகர்கள் புண்ணியமென்று கருதித் தின்பண்டம் கொடுத்துப் பழக்குகிறார்கள். பிறகு அது வீட்டினுள் புகுந்தால் குரங்கின்மீது குற்றம் சாட்டுகிறோம்!

அறியாமையின் விலை இம்மட்டோடு நிற்பதில்லை. இதே வேம்பின் எண்ணெயைக் கொண்டு பயிரில் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. நம் பாட்டனும் பாட்டியும் கொல்லையில் கையாண்டுவந்த மரத்துக்கு அந்நியர் உரிமை கோரினர். வந்தனா சிவா முதலியோர் 1995-ல் அதை எதிர்த்து வழக்காடினர். அம்முறை இந்தியாவில் முன்னமே வழங்கியதென்று சாட்சியம் அளித்த பின்னரே, 2000-ல் அக்காப்புரிமை ரத்தாயிற்று. 2005-ல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. அறிந்தவன் ஒருவன் இருந்தபடியால் சாட்சி சொல்ல முடிந்தது. மரம் நிற்க, அதைப்பற்றிய அறிவு மட்டும் மறைந்துபோயிருந்தால் யார் சாட்சி சொல்லியிருப்பார்?

அவ்வறிவைப் போற்றிய ஒருவரை இச்சீமையே தந்தது. நாவலாசிரியர் அ. மாதவையரின் புதல்வர் மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை இயற்கையைப்பற்றித் தொடர்ந்து எழுதினார். யானையையும் புலியையும் எழுதிய அதே பேனாவால் காகத்தையும் அணிலையும் எழுதினார், தமிழிலும் எழுதினார். அந்நிய அலங்கார மரங்களை விடுத்து, இம்மண்ணுக்குரிய மரங்களையே வளர்க்கவேண்டுமென்று வற்புறுத்தினார். இது சுதேசியம் அல்லவா?

இன்றோ கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம் போடுவதே நாகரிகமாகிவிட்டது. இலை உதிர்ந்து குப்பையாகிறதென்று வேம்பை வெட்டுகிறோம். கார் நடவுக் காலத்தில் காலடியில் விழும் வேப்பங்கொட்டையைப் பெருக்கி எறிந்துவிட்டு, பூச்சிமருந்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். ராட்டை சுழற்றிய தேசத்துக்கு இது தகுமா?

நாம் வேண்டுவது பெரிய தியாகமன்று. கொல்லையில் ஒரு மூலையை மண்ணாகவே விடுங்கள். ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். வேப்பங்கொட்டையைப் பொறுக்கி உலர்த்துங்கள். மாலையில் குழந்தையை அழைத்துச்சென்று, அங்கே வரும் பறவைக்கும் முளைக்கும் செடிக்கும் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். தன் கொல்லையில் உள்ளதைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவனே அதைத் தன்னுடையதென்று சொல்லிக் காக்கவும் வல்லவன்.