மூன்றுக்கு ஒன்று திட்டம் (மெக்சிகோ)

மூன்றுக்கு ஒன்று திட்டம் என்பது, அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ மக்கள் தங்கள் சொந்த ஊரின் பொதுப்பணிக்காகத் திரட்டித் தரும் ஒவ்வொரு டாலருக்கும் மெக்சிகோவின் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி ஆகிய மூன்றும் தலைக்கு ஒரு டாலர் சேர்த்துத் தந்த கூட்டு நிதித் திட்டமாகும். சக்காத்தேக்காஸ் என்னும் மாநிலத்தில் உருவான இம்முறை 2002இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு இதற்கு நிதி ஒதுக்கவில்லை. ஊரை விட்டுப் போனவர்கள் ஒன்றுகூடி ஊரை முன்னேற்ற முடியுமா, அதில் அரசின் பங்கு என்ன என்ற கேள்விகளுக்கு உலக அளவில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் திட்டம் இது.

குடும்பப் பணமும் ஊர்ப் பணமும்

வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் இரு வகைப்படும். முதல் வகை, பெற்றோருக்கும் மனைவி மக்களுக்கும் மாதந்தோறும் அனுப்புவது. சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம், வீடு கட்டுதல் ஆகியவற்றுக்கு இது செலவாகும். இரண்டாம் வகை, ஓர் ஊரைச் சேர்ந்த பலர் சேர்ந்து ஊருக்குப் பொதுவாக அனுப்புவது. இதனைக் கூட்டுப் பணவனுப்பு எனலாம்.

இவ்விரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மெக்சிகோவுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் குடும்பப் பணம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000 கோடி டாலரைத் தாண்டியுள்ளது. கூட்டாக வந்த பணம் எக்காலத்திலும் குடும்பப் பணத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டியதில்லை. ஆனால் குடும்பப் பணம் எவ்வளவு வந்தாலும் அது தெருவுக்குத் தார் போடாது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் பதிக்காது. அந்த இடத்தை நிரப்பியதுதான் ஊர்ப் பணம்.

இப்பணத்தைத் திரட்டிய அமைப்புகளை மெக்சிகோ மக்கள் ‘கிளப்’ என்றே அழைத்தனர். தமிழில் இதற்கு ஊர்ச்சங்கம் என்ற சொல் பொருந்தும். யாழ்ப்பாணத்து ஊர்களின் பெயரால் டொராண்டோவிலும் இலண்டனிலும் இயங்கும் சங்கங்களை அறிந்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

சக்காத்தேக்காஸ் மாநிலம்

சக்காத்தேக்காஸ், மெக்சிகோவின் வட நடுப்பகுதியில் உள்ள மேட்டு நிலம். 58 உள்ளாட்சிகளைக் கொண்டது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 16 இலட்சம். 1546இல் இங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கப் பகுதிகளுள் ஒன்றாக இது விளங்கியது. எனினும் அச்செல்வம் உழவர்களிடம் தங்கவில்லை. மழை குறைவு. வானம் பார்த்த பூமியில் அவரை இனப் பயறும் மக்காச்சோளமும் விளைவிப்பதே பெரும்பாலோரின் வாழ்வாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு நோக்கி ரயில் பாதை வந்ததும் இங்கிருந்து ஆட்கள் அமெரிக்காவுக்கு வேலை தேடிச் செல்லத் தொடங்கினர். 1910இல் தொடங்கிய மெக்சிகோ புரட்சியின் கலவரம் மேலும் பலரை வெளியேற்றியது. 1942 முதல் 1964 வரை இரு நாட்டு அரசுகளும் ‘பிராசெரோ’ என்னும் ஒப்பந்தத் தொழிலாளர் ஏற்பாட்டை நடத்தின. அக்காலத்தில் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒப்பந்தம் முடிந்தபின்பும் போக்குவரத்து நிற்கவில்லை. முன்னே போனவர் பின்னே வருபவருக்கு இடமும் வேலையும் தேடிக் கொடுத்ததால், ஓர் ஊர்க்காரர்கள் ஒரே நகரத்தில், சில வேளை ஒரே தெருவில் குடியேறினர். லாஸ் ஏஞ்சல்ஸ், சிகாகோ, டல்லாஸ் போன்ற நகரங்களில் இவ்வாறு அவர்கள் பெருகினர்.

ஊர்ச்சங்கம் தோன்ற இதுவே அடிப்படை. ஒரே ஊரார் பல நகரங்களில் சிதறிப் போயிருந்தால் சங்கம் கூட்டுவது கடினம். அருகருகே வாழ்ந்ததால் ஒருவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டினர். விளையாட்டுக் குழு அமைத்தனர். ஊர்த் திருவிழாவுக்குக் காணிக்கை அனுப்பினர். அந்தப் பழக்கமே பின்னர் பொதுப்பணிக்கு நகர்ந்தது.

1986இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டமும் இதற்கு உதவியது. உரிய ஆவணமின்றி அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 27 இலட்சம் பேர் அச்சட்டத்தால் சட்டப்படியான குடியிருப்பு உரிமை பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ மக்கள். எல்லையில் பிடிபடும் அச்சம் நீங்கியதால் ஆண்டுதோறும் ஊருக்குப் போய்வர முடிந்தது. ஊரின் நிலையை நேரில் பார்த்தவர் கை தாராளமாகத் திறந்தது.

திட்டம் வளர்ந்த விதம்

தொடக்கத்தில் சங்கங்கள் தாங்களே பணம் அனுப்பி, உறவினர் மேற்பார்வையில் வேலையை முடித்தன. அரசு இதில் கலந்தது படிப்படியாகத்தான்.

- 1986: மாநில ஆளுநர் ஹெனாரோ பொரேகோ காலத்தில், சங்கம் தரும் ஒரு டாலருக்கு மாநில அரசு ஒரு டாலர் தரும் ஏற்பாடு தொடங்கியது. இது ஒன்றுக்கு ஒன்று.
- 1990களின் தொடக்கம்: மத்திய அரசும் ஒரு டாலர் சேர்த்தது. இது இரண்டுக்கு ஒன்று. மத்திய அரசு நாட்டளவில் இதில் ஆர்வம் இழந்த பின்னும் சக்காத்தேக்காஸ் விடாமல் தொடர்ந்தது.
- 1999: ஆளுநர் ரிக்கார்டோ மொன்ரியால் காலத்தில் உள்ளாட்சியும் ஒரு டாலர் தர முன்வந்தது. இது மூன்றுக்கு ஒன்று.
- 2002: அதிபர் விசென்டே ஃபாக்ஸ் அரசு இதனை நாட்டுத் திட்டமாக்கி, சமூக வளர்ச்சி அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது.

ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். ஊருக்குள் வரும் சாலைக்கு 80,000 டாலர் செலவாகும் என்று கொள்வோம். சங்கம் 20,000 டாலர் திரட்டினால் போதும். மீதி 60,000 டாலரை மூன்று அரசுகளும் சமமாகத் தரும். தனியே திரட்டினால் நான்கு ஆண்டு ஆகக்கூடிய பணி ஓராண்டில் முடியும். இந்தக் கணக்கே புதிய சங்கங்கள் பல தோன்றத் தூண்டியது.

பணி நடந்த முறை

நாட்டுத் திட்டமானபின் விதிகள் வகுக்கப்பட்டன. குறைந்தது 10 உறுப்பினர் கொண்ட சங்கமாக இருக்க வேண்டும். அருகிலுள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் அது பதிவு பெற வேண்டும். செய்ய வேண்டிய பணியைச் சங்கமே முன்மொழிய வேண்டும். அம்முன்மொழிவுகளை மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி, புலம்பெயர்ந்தோர் ஆகிய நான்கு தரப்பாரும் அமர்ந்த குழு ஆராய்ந்து தேர்ந்தெடுத்தது.

சங்கத்துக்குத் துணையாக ஊரிலும் ஒரு குழு இருந்தது. இதைக் ‘கண்ணாடிச் சங்கம்’ என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். வேலை ஒழுங்காக நடக்கிறதா, சிமென்ட் உரிய அளவில் போடப்படுகிறதா என்று பார்ப்பது அதன் கடமை. படமும் கணக்கும் அமெரிக்காவுக்குப் போகும். அங்கே பணம் போட்டவர்கள் கேள்வி கேட்பார்கள். ஒப்பந்தக்காரர்களையும் உள்ளாட்சித் தலைவர்களையும் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வைத்தது இந்தக் கேள்வி கேட்கும் வழக்கமே.

பணம் திரட்டிய வழிகள் எளியவை. நடன விருந்து, குலுக்கல் சீட்டு, உணவு விற்பனை, குதிரை விளையாட்டு, அழகிப் போட்டி ஆகியவை அவற்றுள் சில. பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் செல்வந்தர் அல்லர். தோட்டத்திலும் கட்டட வேலையிலும் உணவகச் சமையலறையிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமை மாலையில் சிறு தொகைக்கு நுழைவுச்சீட்டு வாங்கியவர்களின் பணம்தான் ஊரில் குழாயாகவும் மின்கம்பமாகவும் மாறியது.

எவை கட்டப்பட்டன

குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம், சாலைத் தளம் ஆகியவை முதன்மையான பணிகள். பள்ளி வகுப்பறைகள், கணினிகள், மாணவர் உதவித்தொகை, மருத்துவ நிலையங்கள் ஆகியனவும் நிதி பெற்றன. தேவாலயச் சீரமைப்பு, ஊர்ச் சதுக்கம், குதிரை விளையாட்டுத் திடல் முதலியவற்றுக்கும் பணம் சென்றது.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. குடிநீர் இல்லாத ஊரில் தேவாலயக் கோபுரம் எதற்கு என்று அதிகாரிகள் கேட்டனர். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு வரும் எங்களுக்கு அந்தக் கோபுரம்தான் ஊர் என்பது சங்கத்தாரின் எண்ணம். ஊரில் அன்றாடம் வாழ்பவரின் தேவையும், தொலைவில் இருந்து ஊரை நினைப்பவரின் ஆசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கண்ணாடிச் சங்கம் வலுவாக இருந்த ஊர்களில் இரண்டும் பேசித் தீர்க்கப்பட்டன. அது பெயரளவுக்கு இருந்த ஊர்களில் வெளிநாட்டில் இருந்தவர் சொன்னதே நடந்தது.

பின்னாளில் வேலைவாய்ப்புத் தரும் தொழில்களுக்கும் நிதி வழங்கப்பட்டது. சாலை போடுவதைவிட இது கடினமாக இருந்தது. சாலை ஊருக்குப் பொது. தொழிலுக்கோ சந்தையும் நிர்வாகமும் தேவை. இலாப நட்டத்தில் பங்கும் தேவை.

பணத்திலிருந்து உரிமைக்கு

பணம் தருபவர் கருத்தும் சொல்ல விரும்புவார். சங்கங்கள் ஒன்றிணைந்து கூட்டமைப்புகளாயின. தென் கலிபோர்னியாவின் சக்காத்தேக்காஸ் கூட்டமைப்பு அவற்றுள் பெயர்பெற்றது. ஒரு சிற்றூரின் சங்கம் எழுதும் கடிதத்துக்கு விடை வராமல் போகலாம். பல சங்கங்களின் கூட்டமைப்பை ஆளுநரே தேடி வந்து சந்தித்தார்.

ஆந்த்ரேஸ் பெர்முதேஸ் என்பவரின் கதை இதனை விளக்கும். ஹெரேஸ் உள்ளாட்சியில் பிறந்து, 1970களில் ஆவணமின்றி அமெரிக்கா சென்றவர். கலிபோர்னியாவில் தக்காளி வேளாண்மையில் முன்னேறித் ‘தக்காளி அரசன்’ என்று பெயர் பெற்றார். 2001இல் ஹெரேஸ் உள்ளாட்சித் தலைவர் தேர்தலில் வென்றார். உள்ளூரில் போதிய காலம் வசிக்கவில்லை என்று கூறி அவ்வெற்றி செல்லாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. அதன்பின் புலம்பெயர்ந்தோர் அமைப்புகள் தொடர்ந்து வாதாடின. 2003இல் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, இரு நாட்டிலும் வசிக்கும் நிலை ஏற்கப்பட்டது. 30 உறுப்பினர் கொண்ட மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு இடங்கள் புலம்பெயர்ந்தோருக்கு ஒதுக்கப்பட்டன. 2004இல் பெர்முதேஸ் மீண்டும் போட்டியிட்டு வென்று பதவியேற்றார்.

குறைகள்

இத்திட்டத்தைப் பற்றிய ஆய்வுகள் சில அடிப்படைக் குறைகளைச் சுட்டின.

முதலாவது, பணம் மிக ஏழையான ஊர்களுக்குச் செல்லவில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கும் ஊருக்கே சங்கம் உண்டு. சங்கம் உள்ள ஊருக்கே அரசின் மூன்று பங்கும் உண்டு. சக்காத்தேக்காஸ், ஹலிஸ்கோ, குவானஹுவாத்தோ, மிச்சோவகான் ஆகிய பழைய புலம்பெயர்வு மாநிலங்கள் பெரும்பங்கு பெற்றன. தென்கோடியில் உள்ள மிக வறிய ஊர்கள், பயணச் செலவுக்கே வழியில்லாததால், பின்தங்கின.

இரண்டாவது, அரசியல் சார்பு. ஆளுங்கட்சிக்கு ஆதரவான உள்ளாட்சிகள் கூடுதலாகப் பயன்பெற்றன என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

மூன்றாவது, சிற்றூர் உள்ளாட்சிகளின் சுமை. நான்கில் ஒரு பங்கு தருவது அவற்றின் சிறிய நிதிக்குப் பெரிய செலவு. சங்கம் கேட்ட பணிக்குப் பங்கு ஒதுக்கினால், சங்கம் இல்லாத பக்கத்துக் குக்கிராமத்துக்குப் பணம் மிஞ்சாது.

நான்காவது, ஆட்கள் குறைவது. சாலையும் மின்சாரமும் வந்த பின்னும் பல ஊர்களில் இளைஞர்கள் வெளியேறுவது நிற்கவில்லை. வசதியுள்ள ஊர், ஆனால் முதியவர் மட்டும் வாழும் ஊர் என்ற நிலை உருவானது.

நிதி நின்றது

2018 இறுதியில் பதவியேற்ற அதிபர் லோபஸ் ஓப்ரதோரின் அரசு, இடைநிலை அமைப்புகள் வழியாக அல்லாமல் மக்களுக்கு நேரடியாகப் பணம் தரும் கொள்கையைப் பின்பற்றியது. 2020இல் மூன்றுக்கு ஒன்று திட்டத்துக்கு நிதி இல்லாமல் போனது. புலம்பெயர்ந்தோர் கூட்டமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. திட்டம் நின்றாலும் சங்கங்கள் கலைந்துவிடவில்லை. அரசு வருமுன்பே அவை இருந்தவை.

ஆனால் வேறொரு மாற்றம் மெல்ல நிகழ்கிறது. சங்கங்களைத் தொடங்கியவர்கள் ஊரில் பிறந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் பிறந்தவர்கள். தாத்தாவின் ஊரை விடுமுறையில் மட்டும் பார்த்தவர்கள். அவர்களை ஈர்க்கச் சங்கங்கள், அங்கே படிக்கும் தம் இன மாணவர்களுக்கும் உதவித்தொகை வழங்கி வருகின்றன.

கருத்தில் கொள்ள வேண்டியவை

இத்திட்டத்திலிருந்து மாணவர்கள் மூன்று செய்திகளைக் கொள்ளலாம். ஒன்று, சிதறிய சிறு தொகை ஒன்றுகூடும்போது ஓர் ஊரின் முகத்தையே மாற்ற முடியும். இரண்டு, பணத்தைவிடப் பெரிய பயன் கணக்குக் கேட்கும் பழக்கம். பல ஊர்களில் உள்ளாட்சி முதன்முறையாக மக்கள் முன் கணக்கு வைத்தது இதனால்தான். மூன்று, குடிநீரும் பள்ளியும் தருவது அரசின் கடமை. ஊர்ப்பற்று அந்தக் கடமைக்குத் துணை நிற்கலாம். அதற்கு மாற்றாக நிற்க முடியாது. வெளிநாட்டில் ஆள் இல்லாத ஊரிலும் குழந்தைகள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை எந்தக் கூட்டு நிதித் திட்டமும் மறக்கலாகாது.