டர்போ காருக்கு எந்த ஆயில்? கேட்பவருக்குச் சரியாகச் சொல்வோம்

நமது உறுப்பினர்களில் ஆயில், உதிரிபாகம் விற்பவர்கள் உண்டு. அந்த வியாபாரம் இல்லாமல் கார் மட்டும் வைத்து ஓட்டுபவர்கள் அதைவிட அதிகம். இரு தரப்பாருக்கும் இன்று ஒரே இடத்தில்தான் குழப்பம் வருகிறது. "டர்போ வண்டிங்க, எஞ்சின் ரொம்ப சூடாகும், நல்லா கெட்டியான ஆயிலாக் கொடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். கடைப் பையனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் 20டபிள்யூ-50 டப்பாவை எடுத்து வைத்துவிடுகிறான். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் இந்தப் பழக்கத்தால் பெரிய கெடுதல் வந்ததில்லை. இன்றைய டர்போ எஞ்சினில் வரும். ஒரு டர்போவை மாற்ற ஆகும் பணத்தில் பல வருடத்துக்கு ஆயில் வாங்கிவிடலாம் என்பதால், இந்த விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

டர்போ என்பது புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவின் வேகத்தால் சுழலும் ஒரு சிறு காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதனால்தான் ஒரு லிட்டர் எஞ்சின் ஒன்றரை லிட்டர் எஞ்சினின் இழுவையைத் தருகிறது. இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். சிறிய டர்போக்களில் இரண்டு லட்சத்துக்கும் மேலே போகும். பெட்ரோல் எஞ்சினில் புகைப்பக்கக் காற்றாடியைத் தொடும் வாயுவின் சூடு 900 டிகிரிக்கும் அதிகம். இத்தனை வேகத்தில் சுழலும் தண்டைப் பெரும்பாலான டர்போக்களில் தாங்கி நிற்பது குண்டு பேரிங் அல்ல. தலைமுடிப் பருமனில் ஒரு சிறு பங்கே உள்ள ஆயில் படலம்தான் தாங்குகிறது. அந்தப் படலம் அறுந்தால் தண்டு உலோகத்தில் உரசும். பிறகு விசில் சத்தம், நீலப்புகை, இழுவைக் குறைவு என்று வரிசையாக வரும்.

டப்பாவில் உள்ள எண்கள்

5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால் முதல் எண் குளிரில் அந்த ஆயில் எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூவை மைனஸ் 20-இலும், 20டபிள்யூவை மைனஸ் 15-இலும் சோதிக்கிறார்கள். உறைபனி விழும் ஊட்டியில்கூட இந்தக் குளிர் கிடையாதே, பிறகு நமக்கெதற்கு 5டபிள்யூ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காலையில் 30 டிகிரியில் நிற்கும் எஞ்சினுக்கும் ஆயில் குளிர்ந்த ஆயில்தான். அந்த நிலையில் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கும். அவ்வளவு கெட்டியைப் பம்ப் தள்ளும்போது அழுத்தம் ஏறி ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பங்கு ஆயில் டர்போவுக்குப் போகாமல் சம்ப்புக்கே திரும்பிவிடும். சாவியைத் திருப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதிக்கும் பழக்கம் உள்ளவர் வண்டியில் டர்போ அந்தச் சில வினாடிகள் போதுமான ஆயில் இல்லாமலே சுற்றும்.

இரண்டாவது எண் 100 டிகிரிச் சூட்டில் உள்ள பாகுத்தன்மையைக் காட்டுகிறது. செண்டிஸ்டோக் என்ற அளவில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. ஒரு கிரேடு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குவதைக் கவனியுங்கள். மேல் விளிம்பில் இருக்கும் ஒரு 30-க்கும், கீழ் விளிம்பில் இருக்கும் ஒரு 40-க்கும் உள்ள வித்தியாசம் மிகக் கொஞ்சம்.

டர்போ காரைப் பொறுத்தவரை இந்த இரண்டு எண்களையும்விட முக்கியமான மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அது டப்பாவின் முகப்பில் இருக்காது. ஆயிலை 150 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கில் நசுங்குவதுபோலக் கடுமையாக நசுக்கி, அப்போதும் எவ்வளவு பாகு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். சுருக்கமாக எச்.டி.எச்.எஸ். என்பார்கள். 20 கிரேடு குறைந்தது 2.6, 30 கிரேடு 2.9, 5டபிள்யூ-40 போன்றவை 3.5 காட்ட வேண்டும். இங்கேதான் நம் கடைகளில் தவறு நடக்கிறது. ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கமான ஏ.சி.இ.ஏ. தரத்தில் சி2 என்று எழுதிய 5டபிள்யூ-30-க்கு 2.9 இருந்தால் போதும். சி3 என்று எழுதிய 5டபிள்யூ-30-க்கு 3.5 இருந்தாக வேண்டும். முகப்பில் ஒரே எண், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. சி3 கேட்கும் எஞ்சினுக்கு "இதுவும் 5டபிள்யூ-30 தாங்க" என்று சி2-வைக் கொடுப்பது, எட்டு முழம் கேட்டவருக்கு நாலு முழ வேட்டியைக் கொடுப்பது மாதிரி. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

கெட்டியாக ஊற்றினால் பாதுகாப்பு என்பதும் தவறு, லேசாக ஊற்றினால் மைலேஜ் என்பதும் தவறு. இன்று சில சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களை 0டபிள்யூ-20-க்கென்றே வடிவமைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகனின் 508 00 என்ற தரம் அப்படிப்பட்ட 0டபிள்யூ-20 ஆயில்தான். அதே கம்பெனியின் பழைய எஞ்சின்களுக்கு அது ஆகாது. ஆகவே "கம்பெனி ஒன்றுதானே" என்றும் முடிவு செய்யக்கூடாது. வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை. கையேடு இரண்டு கிரேடுகளை அனுமதித்தால், நம் சமவெளி வெயிலில் ஆள் ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அவற்றில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. அனுமதிக்காததை ஊற்ற வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியானால் பின்னால் வழக்காடவும் வழியிருக்காது. வழியில் அளவு குறைந்து, உரிய ஆயில் கிடைக்காத அவசரத்தில் மட்டும் அரை லிட்டர் அடுத்த கிரேடை ஊற்றிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட அது மேல்.

எழுத்துகளையும் பார்க்க வேண்டும்

நேரடியாக பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் ஒரு தனி நோய் உண்டு. மேம்பாலத்தில் கியரைக் குறைக்காமல் மெதுவாக ஏறும்போது, பெட்ரோலும் ஆயிலும் கலந்த துளி ஒன்று ஸ்பார்க் வருமுன்பே தீப்பிடித்து பிஸ்டனையே உடைத்துவிடும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் உப்புகள் இதற்குத் தூண்டுகோல் என்று கண்டு கலவையை மாற்றினார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. இதற்கான சோதனையை 2018-இல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020-இல் எஸ்.பி. என்றும் கொண்டுவந்தது. 2025-இல் எஸ்.க்யூ. வந்தது. எனவே டர்போ பெட்ரோல் காருக்கு வெறும் எஸ்.என். அல்லது அதற்கு முந்திய எழுத்துள்ள பழைய இருப்பைத் தள்ளிவிடுவது, கிரேடு சரியாக இருந்தாலும், நியாயமான வியாபாரம் ஆகாது.

டீசலில் பிரச்சினை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 விதி வந்தபின் விற்ற டீசல் கார்களில் பெரும்பாலும் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. கரி சூட்டில் எரிந்து போகும். ஆயில் எரிந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால் சாம்பல் குறைந்த சி2, சி3 வகை ஆயில்தான் இவற்றுக்கு ஏற்றது. சரக்கு வண்டிகளுக்கு நாம் விற்றுப் பழகிய சி.ஐ.-4 தரம் 2002-இல் வந்தது. இந்த வடிகட்டியை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல. பழைய வண்டிக்கு அது தாராளமாகப் போதும். பி.எஸ்.-6 காருக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

நம்மவர் கார் ஓடும் விதத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர், கடையிலிருந்து வங்கிக்கு ஒன்று, மண்டிக்கு இரண்டு. எஞ்சின் முழுச்சூடு ஆவதற்குள் நிறுத்திவிடுகிறோம். டி.பி.எஃப். தன் கரியை எரிக்கக் கூடுதல் டீசலைப் பீய்ச்சும்போது வேலை பாதியில் நின்று, அந்த டீசல் சம்ப்பில் இறங்குகிறது. பெட்ரோல் டர்போவிலும் குறுகிய ஓட்டத்தில் இதே கலப்பு உண்டு. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், எரிபொருள் கலந்திருக்கிறது. அப்போது 30 கிரேடு ஊற்றியவர் ஏறக்குறைய 20 கிரேடில் ஓட்டிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட கடின ஓட்டத்துக்கு முன்கூட்டியே ஆயில் மாற்றும் கணக்கு சர்வீஸ் புத்தகத்தில் தனியாக உண்டு. கிலோமீட்டர் ஆகவில்லையே என்று இரண்டு வருடம் விடுவது டர்போவின் செலவில் செய்யும் சிக்கனம்.

நெடுஞ்சாலையில் விரட்டி வந்து சட்டென்று நிறுத்துவதும் கெடுதல். ஆயில் ஓட்டம் நிற்க, சூடான டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். தண்ணீர்க் குளிர்ச்சி உள்ள புதிய டர்போக்களில் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஐடிலிங்கில் விட்டு நிறுத்துவதில் நஷ்டமில்லை. சிந்தெடிக் ஆயில் கருகாமல் தாங்கும் திறனும் கூடுதல். டர்போ காருக்கு அதைச் சிபாரிசு செய்வதை லாபத்துக்காகச் சொல்வதாக வாடிக்கையாளர் நினைத்தால், இந்தக் காரணத்தை எடுத்துச் சொல்லலாம்.

ஆயில் விற்கும் உறுப்பினர்கள் கவுன்ட்டரில் மூன்று கேள்வி கேட்கப் பையன்களைப் பழக்குங்கள்: பெட்ரோலா டீசலா, எந்த வருட வண்டி, கையேட்டில் என்ன எழுத்து. கையேடு வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். பில்லில் "ஆயில் 4 லிட்டர்" என்று மட்டும் எழுதாமல் கிரேடு, ஏ.பி.ஐ. அல்லது ஏ.சி.இ.ஏ. எழுத்து, பேட்ச் எண் மூன்றையும் எழுதுங்கள். நாளை டர்போ போய்விட்டது என்று ஒருவர் வந்து நின்றால் நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பில்தான். காலி டப்பாக்களைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் மூடியைத் தனியே எடுத்து, டப்பாவில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அடைப்பவர்களுக்கு நல்ல டப்பாதான் முதலீடு.