மூன்றாவது சாவி யாரிடம்?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவையில் இருப்பது அசல் ஜரிகைதானா என்று பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் தேடுவது சிவப்பு நூலைத்தான். முந்தியின் ஓரத்தில் நீண்டு நிற்கும் ஜரிகை இழை ஒன்றை எடுத்து, முறுக்கைப் பிரித்து, நகத்தால் சுரண்டுவார்கள். மேலே தங்கப் பூச்சு, அதற்கடியில் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி, நடுவே சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூல் என்று வந்தால் சரி. பூச்சுக்குக் கீழே செம்பு தெரிந்தால் விலையைப் பற்றி வேறு மாதிரி பேச வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எக்ஸ் கதிர் கருவி இருக்கிறது. கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிரை உமிழும்: வெள்ளி சுமார் 22 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், தங்கம் 9.7, செம்பு 8. புடவையில் ஒரு இழையைக்கூட உருவாமல் எது எவ்வளவு என்று சொல்லிவிடலாம்.

இந்தப் புடவையைக் கோலாலம்பூரில் இருக்கும் ஒருவர் போனில் படம் பார்த்து வாங்குகிறார், விலையை பிட்காயினில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்சலைப் பிரித்தால் போலி ஜரிகை. கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக்கு எழுதித் திரும்பக் கேட்கலாம். பிட்காயினில் எழுதிப்போட விலாசமே கிடையாது.

தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒன்பது பக்கக் கட்டுரை ஒரு புகாரோடுதான் தொடங்குகிறது. வங்கிகள் தகராறு தீர்த்துவைக்கப் போவதால் கட்டணம் ஏறுகிறது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடுங்க வழி இருப்பதால் விற்பவர் ஒவ்வொருவரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே, திரும்பாத பணம். அப்படியானால் வாங்குபவர் கதி? நடுவில் ஒருவரிடம் பணத்தை நிறுத்திவைக்கும் எஸ்க்ரோ ஏற்பாட்டைச் சுலபமாகச் செய்துகொள்ளலாம் என்று பாதி வாக்கியத்தில் சொல்லிவிட்டு சதோஷி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தப் பாதி வாக்கியத்தோடு மற்றவர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வந்தது பழைய வழிதான்: பணம் முழுவதும் நடுவர் கையில். 2015 மார்ச்சில் எவல்யூஷன் என்ற கள்ளச்சந்தைத் தளத்தை நடத்தியவர்கள், எஸ்க்ரோவில் கிடந்த பிட்காயின்களை அப்படியே சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள். போலீசுக்குப் போகும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

இதற்கு மாற்று அதற்கு முன்பே தயாராகிவிட்டது. 2012 ஏப்ரலில் பிட்காயின் விதிகளில் சேர்ந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு, ‘3’ என்ற எண்ணில் தொடங்கும் ஒரு வகை முகவரிகள் புழக்கத்துக்கு வந்தன. வாங்குபவர், விற்பவர், நடுவர் மூவரும் ஆளுக்கொரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்வார்கள். மூன்றுக்கும் இணையான பொதுச் சாவிகளைச் சேர்த்து, ‘இவற்றில் எந்த இரண்டு கையெழுத்து வந்தாலும் பணத்தை விடு’ என்று ஒரு சிறு நிரல் எழுதி, அதைச் சுருக்கினால் அதுவே முகவரி. புடவைக்காரருக்கும் வாங்கியவருக்கும் பிரச்சினை இல்லையென்றால் இருவரும் கையெழுத்திட்டுப் பணத்தை விடுவித்துக்கொள்ளலாம். நடுவரை எழுப்பவே வேண்டாம். தகராறு என்றால் நடுவர் யார் பக்கம் நியாயம் என்று பார்த்து, அவரோடு சேர்ந்து கையெழுத்திடுவார். தனியாக ஒரு பைசாவை அவரால் தொட முடியாது. கணிதத்தின் உதவியால் மனிதனின் கையை இவ்வளவு கச்சிதமாகக் கட்டிப்போட்டது என்னைப் பொறுத்தவரை பிட்காயினைவிடப் பெரிய சாதனை.

ஆனால் கட்டுப்பட்டது கை மட்டும்தான். கண்ணும் மனசும் அப்படியேதான் இருக்கின்றன. 2024 ஜூலை 18 அன்று வசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. அவை இருந்ததும் பல சாவிப் பெட்டகத்தில்தான். ஆறு சாவிகள், நான்கு சேர்ந்தால் திறக்கும். பூட்டை யாரும் உடைக்கவில்லை. திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்றில் என்பதுதான் அந்த நிறுவனம் கொடுத்த முதல் விளக்கம்.

அந்தக் களவுக்குப் பின் சென்னையிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1,98,516 ரூபாய் போட்டு வாங்கிய 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்கள் அவர் கணக்கில் முடங்கிக் கிடந்தன. திருட்டுப்போனது வேறு வகை நாணயம், என்னுடையதை எதற்கு நிறுத்திவைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நடுவர் விசாரணை சிங்கப்பூரில்தான் நடக்க வேண்டும், இங்கே மனுப்போட முடியாது என்றது எதிர்த்தரப்பு. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. கிரிப்டோ நாணயம் சட்டப்படி செல்லுபடியாகும் பணம் ஆகாது, ஆனால் அது ஒரு சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று கூறி, 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். நடுவரே வேண்டாம் என்று தொடங்கிய தொழில்நுட்பம் நடுவர் சட்டத்தின் வாசலில் வந்து நின்றது.

நீதிமன்றம் இல்லாமலே தீர்ப்பு சொல்லவும் ஒரு முயற்சி நடக்கிறது. க்ளேரோஸ் என்ற அமைப்பில் யார் வேண்டுமானாலும் அதன் நாணயத்தைப் பணயம் வைத்து ஜூரி ஆகலாம். வழக்கு வரும்போது குலுக்கலில் சிலர் தேர்வாவார்கள். பெரும்பான்மையோடு வாக்களித்தவருக்குக் கூலி. மாறி வாக்களித்தவருக்குப் பணயத்தில் ஒரு பகுதி போய்விடும். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் யோசித்தால் உண்மையில் வந்து சேர்வார்கள் என்பது கணக்கு. இது எனக்கு அரைகுறையாகத்தான் செரிக்கிறது. வேலை ஒழுங்காக முடிந்ததா போன்ற வழக்குக்குச் சரி. ஜரிகைக்கு? புவனஸ் அயர்ஸில் உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் சிவப்பு நூல் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சிறுபான்மையாகித் தன் பணயத்தை இழக்கக்கூடும்.

குலுக்கல் என்றதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வராமல் இருக்காது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம். முப்பது குடும்புகள், 35 வயதுக்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவருக்கும் அவர் சொந்தக்காரருக்கும் இடமில்லை. (பொதுவாகக் கால் வேலி நிலமாவது இருந்தால்தான் பெயரே குடத்துக்குள் போகும், பணயம் வைத்தால்தான் ஜூரி என்பதற்கு அது அப்படியொன்றும் தூரமில்லை.) அவ்வளவாகப் பேசப்படாதது, பொன்னை உரசிப் பார்ப்பவர்களைப் பற்றிய ஏற்பாடு. அன்றைக்குக் கொடுக்கல் வாங்கலில் பொன்னின் மாற்றைப் பற்றித் தகராறு எழ இடமிருந்தது. பொன்னைக் காண வல்லவர்களாகப் பார்த்துச் சபை தேர்ந்தெடுத்தது. எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பார்க்க வேண்டும், கூலியைச் சபை கொடுக்கும். உரைகல்லில் ஒட்டும் பொன் துகளை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள் அல்லவா, அந்த மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். அழுத்தி உரசினால் அதிகத் துகள் விழும். அது உரசியவர் வீட்டுக்குப் போகாது என்றால் அழுத்தி உரச என்ன காரணம் இருக்கிறது? வேலை தெரிந்த ஆளையும் தேடி, அந்த ஆளுக்குத் தகராறில் லாபம் இல்லாமலும் செய்திருக்கிறார்கள். க்ளேரோஸ் இரண்டாவதை மட்டும் யோசித்தது. இரண்டு கையெழுத்து முறை இரண்டையும் யோசிக்கவில்லை.

ஆகவே மூன்றாவது சாவி காஞ்சிபுரத்தில் இருப்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது. இங்கே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன, புவிசார் குறியீடு இருக்கிறது, ஜரிகை பார்க்கத் தெரிந்த கண்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. புடவையை விற்காத, யார் ஜெயித்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் பரிசோதனை மையம் ஒன்று அந்தச் சாவியை வைத்திருக்கலாம். புடவை பெட்டிக்குள் போகும் முன்பே பரிசோதித்து, முடிவை எழுதி, முத்திரை வைத்து அனுப்பினால் பாதித் தகராறு எழாது. நடுவர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மின்னஞ்சலும் எழுத்தாகவே கொள்ளப்படும். வேலை முடியும்வரை பிட்காயின் விலை ஏறி இறங்கும் என்பது தனித் தலைவலி. சேலை தறியில் இருக்கும் மூன்று வாரத்தில் யாருக்கு நஷ்டம் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தேவைப்படாது. இந்தியாவில் இருப்பவர் பிட்காயின் கொடுத்துப் புடவை வாங்கினால் அவர் நாணயத்தை விற்றதாகவே வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும். லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஜூலை முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஒரு சதவீதம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். பதிலுக்குக் கொடுப்பது பணமாக இல்லாமல் பொருளாக இருப்பதால், அந்த ஒரு சதவீதம் கட்டியாகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கடைக்காரர் புடவையைக் கையில் கொடுக்கலாம்.