கண்காட்சிக்குப் போகும் படம்

"சுவரிருந்தாற்றான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலத்தைப் பேணுக என்பதற்காக வழங்கும் இப்பழமொழியைச் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே சொல்லுக்குச் சொல் மெய்யாகக் காணலாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் எந்த லயத்துக்குச் சென்றாலும் இஸ்தோப்புச் சுவரின் அடிப்பாகத்தைச் சற்றே குனிந்து பாருங்கள். அடுப்புக்கரியால் எழுதிய யானை, பஸ் வண்டி, மாரியம்மன் தேர், மண்வெட்டியோடு நிற்கும் தாத்தா எல்லோரும் அங்கே இருப்பார்கள். மூன்றடிக்கு மேல் ஒன்றும் இராது. எழுதியவரின் உயரம் அவ்வளவே! பொங்கலுக்குச் சுண்ணாம்பு பூசும்போது அத்தனையும் மறைந்துவிடும். தை மாதம் கழியுமுன் மறுபடியும் முளைத்துவிடும்.

இந்தக் கரிக்கோட்டுக்கும் கண்காட்சி மண்டபத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியே இங்கு சில சொல்ல விரும்புகின்றேன்.

பாடசாலைகளுக்கிடையிலான சித்திரப் போட்டிக்குரிய சுற்றறிக்கை வருவது ஆசிரியர் யாவரும் அறிந்ததே. பொதுவாகப் பாடசாலையில் தெரிவாகும் படங்கள் கோட்டத்துக்கும், பின் வலயத்துக்கும், மாகாணத்துக்கும், இறுதியில் தேசிய மட்டத்துக்கும் செல்லும். நம் மாகாணத்தில் இரத்தினபுரி, பலாங்கொடை, நிவித்திகலை, எம்பிலிப்பிட்டி, கேகாலை, மாவனெல்லை, தெஹியோவிட்ட என ஏழு கல்வி வலயங்கள் உள்ளன. ஆனால் தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் சித்திரத்துக்கென்று தனி ஆசிரியர் இல்லை. ஆகவே அதிபர் அச்சுற்றறிக்கையைக் கையெழுத்து அழகாக உள்ள ஒருவரிடம் ஒப்படைப்பது வழக்கம். தமிழ் கற்பிக்கும் என் கைக்கு அது வந்து சேர்ந்ததும் இவ்வாறுதான்.

முதலாண்டிலே மாணவர்கள் கொண்டுவந்த படங்களை மேசைமேல் பரப்பினேன். பெரும்பாலானவை ஒரே படம்! இரண்டு மலைகள், நடுவில் பாதிச் சூரியன், வளைந்தோடும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. சிலவற்றில் பனி மூடிய சிகரமும் புகைபோக்கி வைத்த வீடும் இருந்தன. முன்னாளில் நாட்காட்டியைப் பார்த்து எழுதினார்கள். இந்நாளில் கைத்தொலைபேசியைப் பார்த்து எழுதுகிறார்கள். மலையிலே பிறந்து, மலையிலே ஏறி இறங்கிப் பள்ளிக்கு வரும் பிள்ளை, தான் ஒருநாளும் காணாத மலையை எழுதுவது ஏன்? ஒரு மாணவனைக் கேட்டேன்.

"நம்ம தோட்டத்துல வரையிறதுக்கு என்ன சேர் இருக்கு?" என்றான்.

அவனுடைய விடை என்னைத் திடுக்கிட வைத்தது. தன் வாழ்வு ஒரு படத்துக்குத் தகுதியற்றது என்று பதின்மூன்று வயதிலேயே ஒரு பிள்ளை தீர்மானித்துவிட்டதென்றால், குற்றம் அப்பிள்ளையினுடையதன்று. அவனுக்கு அப்படிக் கற்பித்தவர் யார்? வேறொருவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. நானே அதைக் கற்பித்தவன் என்பதை அடுத்த ஆண்டு உணர்ந்துகொண்டேன்.

அவ்வாண்டு ஒன்பதாந் தரத்து மாணவி ஒருத்தி ஒரு படம் எழுதியிருந்தாள். தாயார் இறப்பர் மரத்திலே பால் வெட்டுபவர். விடியுமுன்னே மலைக்குப் போய், மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையை வைத்து, பின்னர் வாளியிலே பாலைச் சேர்க்கும் வேலை அது. படத்திலே கறுத்த மரங்கள். நெற்றியில் கட்டிய விளக்கின் மஞ்சள் வட்டம். சிரட்டையில் ஒரு வெள்ளைப் பொட்டு. எல்லாவற்றுக்கும் முன்னே கத்தி பிடித்த கை. அந்தக் கை தாயின் முகத்தைக் காட்டிலும் பெரிதாயிருந்தது.

படம் நன்றாயிருக்கிறதென்று எனக்குத் தெரிந்தது. ஆயினும் "நடுவர்கள் அளவு பிழை என்பார்களே" என்று அஞ்சினேன். படங்களை அனுப்புவதற்கு முதல்நாள் மாலை தூரிகையை நானே எடுத்து, கையைச் சிறிதாக்கினேன். இருண்ட வானத்திலே கொஞ்சம் நீலமும் தீட்டினேன். பக்கத்திலே நின்ற மாணவி ஒன்றும் பேசவில்லை. மரியாதையால் வாய் திறவாதிருந்தாள் என்பதை அப்போது நான் உணரவில்லை.

கண்காட்சி மண்டபத்திலே நடுவராக வந்திருந்த முதியவர் ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு அவளை அழைத்து, தமக்குத் தெரிந்த தமிழிலே, "மகள், இந்தக் கை நீங்க போட்டதா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "இதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், மாஸ்டர். ஒருவர் இருந்திருந்தால் போதும்" என்று மெல்லக் கூறிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

திரும்பும் வழியில் பஸ் வண்டியிலே அவள் ஒரேயொரு வார்த்தைதான் சொன்னாள்: "அம்மா கை அப்படித்தான் சேர் இருக்கும்."

அன்று எனக்கு விளங்கிய பாடம், உலகம் நூறாண்டுகளுக்கு முன்னரே கற்றுக்கொண்ட பாடந்தான். முன்னாளில் பள்ளிக்கூடச் சித்திரம் என்றால் மாதிரிப் படத்தைப் பார்த்துப் பிசகாமல் எழுதுவதே. ஒஸ்திரியா நாட்டு வியன்னா நகரிலே பிரான்ஸ் சிசெக் என்பவர் 1897-ஆம் ஆண்டிலே சிறுவர்களுக்கென ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கினார். பிள்ளைகளின் படத்தைப் பெரியவர்களின் அளவுகோலால் திருத்தலாகாது. அது தனக்கென ஓர் ஒழுங்குடைய தனிக்கலை என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவர்களின் படங்கள் 1920-இல் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஆசிரியர் பலர் தம் வழியை மாற்றிக்கொள்ள எண்ணினர்.

அக்காற்று இலங்கைக்கும் வீசிற்று. 1920-களிலே கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பிரதம பரிசோதகராக விளங்கிய சி. எஃப். வின்ஸர், நகல் எழுதும் முறையை விட்டு, பிள்ளைகள் கண்டதையும் எண்ணியதையும் எழுதச் செய்ய வேண்டுமென வற்புறுத்தினார். அவருக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்தவர் டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943-இல் தோன்றிய புகழ்பெற்ற '43 குழு' ஓவியர்களுள் அவரும் ஒருவர். யாழ்ப்பாணத்திலே சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938-இல் ஆசிரியர்களைச் சேர்த்து ஓர் ஓவியக் கழகம் அமைத்தபோது, அதற்கு வின்ஸரின் பெயரையே சூட்டினார். அயலிலே இந்தியாவில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டி, பின்னர் உலக நாடுகளின் பிள்ளைகளும் பங்குகொள்ளும் போட்டியாக வளர்ந்தது.

அப்படியானால் அந்தக் காற்று நம் தோட்டங்களை மட்டும் ஏன் தீண்டவில்லை? காரணம் வெளிப்படை. தோட்டப் பள்ளிக்கூடம் நெடுங்காலம் ஓராசிரியர், ஓரறை என்ற நிலையிலேயே இருந்தது. 1970-களிலேதான் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. எழுத்தும் எண்ணுமே அரிதாயிருந்த இடத்தில் வர்ணத்துக்கு இடமேது?

நிற்க. நம் மாகாணத்துக்குச் சித்திரக்கலையோடு உறவில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இளமையிலே கனிப்பொருள் ஆய்வுத் தலைவராக இம்மலைகளில் நடந்து திரிந்தவர். பலாங்கொடைப் பகுதியிலே 1904-இல் 'தோரியனைற்று' என்னும் அரிய கனிப்பொருளைக் கண்டறிந்தவர் அவரே. கல்லைத் தேடி வந்த அக்கண்கள், இந்நாட்டுக் கிராமத்துக் கைவினைஞர்களின் கைகளையும் கண்டன. 1908-இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் அவ்வாறு பிறந்தது. எளியவர் கையில் உள்ள அழகை அழகென்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படிச் சொல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இனி, கண்காட்சிக்குப் படம் அனுப்பும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைக் கூறுகின்றேன்.

முதலாவது, சுற்றறிக்கையை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும். தாளின் அளவு, வயதுப் பிரிவு, தலைப்பு, அனுமதிக்கப்பட்ட வர்ணம், முடிவுத் திகதி ஆகிய ஐந்தும் போட்டிக்குப் போட்டி மாறும். நல்ல படங்கள் அழகுக் குறைவினால் அன்றித் தாளின் அளவு பிழைத்ததனாலேயே தள்ளப்பட்டதைக் கண்டிருக்கின்றேன்.

இரண்டாவது, பிள்ளையை எழுதச் சொல்லுமுன் பேசச் சொல்லுங்கள். "காலையில் எழுந்ததும் முதலில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் போதும். பிரட்டுக்களத்தில் நிற்கும் வரிசை, கொழுந்து நிறுக்கும் தராசு, பிள்ளைக்காம்பராவில் தம்பியை விட்டுவரும் அக்கா, மழையில் படங்கோடு இறங்கிவரும் பெண்கள், காமன் கூத்தில் வேடமிட்ட மாமா என ஒவ்வொன்றாக வரும். சில பிள்ளைகள் துயரத்தையும் எழுதுவார்கள். 2016 மே மாதம் 17-ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டுபோனதைக் கேகாலை மாவட்டம் மறக்கவில்லை. அத்தகைய படத்தை "வேண்டாம், பூ எழுது" என்று தடுக்க வேண்டா. எழுது என்று வற்புறுத்தவும் வேண்டா.

மூன்றாவது, வர்ணம் வாங்க வழியில்லையென்று பின்வாங்க வேண்டியதில்லை. விதி இடங்கொடுக்குமானால் கரி, செம்மண், பழைய பத்திரிகைத் துண்டு, சாக்குநூல் ஆகியவற்றாலும் நல்ல படம் ஆக்கலாம்.

நான்காவது, மழையைப் பற்றியது. இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. லயத்துக் காம்பராவில் ஓர் இரவு வைத்த தாள் காலையிலே அப்பளம்போல் நெளிந்துவிடும். படத்தைப் பாடசாலை அலுமாரியிலே, இரண்டு அட்டைகளுக்கிடையில் வையுங்கள். தடித்த வர்ணம் பூசிய படத்தைச் சுருட்டினால் வெடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள வர்ணக்கட்டியால் எழுதியதற்கு மேலே மெல்லிய தாளொன்று இடவேண்டும். கொண்டுபோகும்போது முழுவதையும் பொலித்தீனால் சுற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, பெயர், வயது, தரம், பாடசாலை, படத்தின் தலைப்பு ஆகியவற்றைப் பின்புறத்திலே பென்சிலால் மெதுவாக எழுதவேண்டும். பேனையால் அழுத்தி எழுதினால் முன்புறத்திலே தடம் தெரியும். தலைப்பு பிள்ளை சொன்ன சொல்லாகவே இருக்கட்டும். சான்றிதழுக்காக மும்மொழியிலும் பெயர் கேட்டால், எழுத்துக்களைப் பிறப்புப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தை அனுப்புமுன் நிழற்படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்; போன படம் எல்லாம் திரும்பி வருவதில்லை.

ஆறாவது, "இது மாணவரின் சொந்தப் படைப்பு" என்ற வாசகத்தின் கீழ் ஆசிரியர் கையொப்பமிடும் இடம். நான் ஒருமுறை அங்கே பொய்க் கையொப்பம் இட்டவன். ஆகையால் சொல்கின்றேன்: திருத்தம் சொல்லலாம், கேள்வி கேட்கலாம், வேறொரு தாளில் எழுதிக் காட்டலாம். ஆனால் பிள்ளையின் தாளிலே நம் தூரிகை படக்கூடாது.

"படம் கீறினால் சோறு வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். சித்திரம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடங்களுள் ஒன்று. உயர் கல்வியாக யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் தமிழ் மாணவர் இக்கலையைப் பயிலலாம். அது ஒருபுறமிருக்க, தான் கண்டதைத் தன் கையால் கூறத் தெரிந்த பிள்ளை எத்தொழிலுக்குப் போனாலும் தலை நிமிர்ந்தே போகும்.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். மறு ஆண்டு அதே படத்தைப் புதிதாக எழுதினாள். கை முன்னையிலும் பெரிதாயிருந்தது! நான் தாளைத் தொடவேயில்லை. வலயக் கண்காட்சியிலே அது சுவரில் ஏறிற்று. மாகாணத்திலே பரிசு பெறவில்லை. ஆனால் கண்காட்சிக்கு அவள் தாயார் ஒருநாட் சம்பளத்தை விட்டு வந்திருந்தார். படத்தின் முன்னே நின்றவர், பாற்கறை ஏறிய தம் கையை முந்தானைக்குள்ளே மறைத்துக்கொண்டார். மகள் அந்தக் கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம், "இவங்கதான் எங்க அம்மா" என்றாள்.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே! அடுத்த சுற்றறிக்கை வரும்போது பிள்ளையின் கையிலே ஒரு தாளைக் கொடுங்கள். சற்று விலகி நில்லுங்கள். முடியுமானால், பொங்கலுக்குச் சுண்ணாம்பு பூசுமுன் இஸ்தோப்புச் சுவரையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். கண்காட்சிக்குப் போகவேண்டிய படம் அங்கேயே இருக்கலாம்.