கைமாறும் கார் – 6: துடைக்க மறந்த இடங்கள்

கன்சல்டிங்கில் நிற்கும் பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் செய்வது அநேகமாக ஒன்றேதான். பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். டயரை ஒரு உதை விடுவார்கள். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். விற்கிறவருக்கு இது மனப்பாடம். அதனால் இன்ஜினைக் கழுவிப் பளபளப்பாக்கி, நீங்கள் வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கியும் வைத்திருப்பார். நீங்கள் பார்க்கிற இடமெல்லாம் அவர் ஏற்கெனவே பார்த்து முடித்த இடம். நாம் போக வேண்டியது, துடைக்கவோ திருத்தவோ யாரும் மெனக்கெடாத இடங்களுக்கு.

ஒரு வண்டியை வைத்தே பேசிவிடலாம். நண்பருக்காகத் திருப்பூரில் பார்த்தது. 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல், டி.என். 22, அதாவது மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ. பதிவு. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். "டாக்டர் ஓட்டுன வண்டிங்க, சிங்கிள் ஓனர்" என்றார் கன்சல்டிங்காரர். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களை எல்லாம் ஏனோ டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள்.

நேரில் போகும் முன்பே ஆர்.சி.யையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் வாட்ஸ்அப்பில் வாங்கிவிட்டோம். ஆர்.சி.யை எல்லோரும் பார்ப்பார்கள். பாலிசியில் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். ஆனால் அதில் 'நோ க்ளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஓராண்டு க்ளெய்ம் எடுக்காமல் இருந்தால் 20 சதவீதம், பிறகு ஆண்டுக்கு ஆண்டு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இந்தப் போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. ஆகவே ஓனர் மாறிய வண்டியில் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிங்கிள் ஓனர் வண்டியில் இது வாக்குமூலம் மாதிரி. நம் டாக்டர் வண்டியின் பாலிசியில் இருந்தது 20. அப்படியென்றால் போன பாலிசி ஆண்டு சுத்தம், அதற்கு முந்தைய ஆண்டில் என்னமோ நடந்திருக்கிறது. கேட்டதும் பதில் வந்தது: "பம்பர் மட்டும்தானுங்க சார்."

பம்பர் மட்டும்தானா என்பதை போல்ட்டுகளிடம் கேட்கலாம். பானெட் கீல்களையும் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தொழிற்சாலையில் பாடியோடு சேர்ந்தே பெயிண்ட் வாங்கியவை. ஸ்பானர் ஒருமுறை பட்டால் அறுகோணத்தின் முனைகளில் பெயிண்ட் உடையும். வலது பக்கம் நான்கும் முழுசாக இருந்தன. இடது பக்கத்தில் முனைகள் வெள்ளையாகத் தெரிந்தன. இடது முன் கதவின் கண்ணாடியில் அச்சிட்டிருந்த கம்பெனிப் பெயர் மற்ற மூன்று கதவுகளோடு ஒத்துப்போகவில்லை. ஆக, அடி பம்பரோடு நிற்கவில்லை, கதவு வரை வந்திருக்கிறது.

இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபெண்டரும் கதவும் மாற்றிப் போடக்கூடியவை. கேட்க வேண்டிய கேள்வி, கதவைத் தாங்கும் தூண் வளைந்ததா என்பதுதான். கதவைத் திறந்து, சட்டத்தைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங்கைக் கையால் உரித்தால் அடியில் தகரத்தின் விளிம்பு தெரியும். சின்னச் சின்ன வட்டக் குழிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் வரிசையாக இருந்தால் அது தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங். குழிகள் காணாமல் போய் கிரைண்டர் கீறலும் தடவிவிட்ட சீலன்ட்டும் தெரிந்தால், தூணை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த வண்டியை எந்த விலைக்கும் தொட வேண்டாம். பீடிங்கை உரித்தால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும். இந்த ஸ்விஃப்ட்டில் குழிகள் ஒழுங்காகவே இருந்தன.

அடுத்து டி.என். 22 என்ற பதிவு. தென்சென்னைப் பதிவு, அதுவும் 2015 டிசம்பருக்கு முந்தையது என்றால் ஒரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும். அந்த மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது தெருவிலும் அடித்தளப் பார்க்கிங்கிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்து போனதை வீடியோவில் எல்லோரும் பார்த்தோம். ரிப்பேர்ச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். வண்டி அதோடு முடிவதில்லை. ஏலத்தில் போகிறது, யாரோ எடுத்துக் கழுவிக் காயவைத்து சீட் கவர் மாற்றுகிறார். பதிவு ரத்தாகாமல் இருந்தால் அதே நம்பரில் வேறு ஊரில் வந்து நிற்கிறது. தண்ணீர் கண்ட வண்டியில் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். வயர் முனைகளில் பச்சை பூத்துக்கொண்டே இருப்பதைத்தான் நிறுத்த முடியாது. இன்று பவர் விண்டோ, அடுத்த மாதம் ஏர்பேக் விளக்கு.

டேஷ்போர்டைத் துடைப்பார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்துக் கழுவுகிறவர் குறைவு. முழுசாக இழுங்கள். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசி முழம் துணியில் சேற்றுக்கறையோ, ஒரு கோட்டுக்குக் கீழே நிறம் மாறியதோ தெரிந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளி, அதைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டர் வண்டியில் ஐந்து பெல்ட்டுகளும் சுத்தம், போல்ட்டுகளும் சுத்தம். வெள்ளம் பார்க்காத வண்டி. நண்பர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

மீட்டர்தான் உதைத்தது. 2014 அக்டோபர் வரை டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. பெட்ரோலைவிட மலிவு என்பதற்காக, விலை கூடுதலாகக் கொடுத்து டீசல் காரை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் நிறைய ஓட்டுகிறவர்கள். அப்படிப்பட்ட வண்டி இத்தனை வருடத்தில் 61,000 மட்டும் ஓடியிருந்தால் நல்ல காரணம் இருக்க வேண்டும். பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் புத்தம் புதுசு. அவ்வளவு கம்மியாக ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் மாற்ற வேண்டிய தேவை என்ன? டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைப்பது லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. பழைய சர்வீஸ் கணக்கைக் குறைப்பது அவர் கையில் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் கிலோமீட்டரை எழுதுவார்கள், அது கம்ப்யூட்டரில் கிடக்கும். வழியில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட மாட்டார்கள். ஆர்.சி.யோடு விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவர் வர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். நம்மவர் முனகிக்கொண்டே வந்தார். 2019-இல் கடைசியாகப் போட்ட ஜாப் கார்டில் இருந்தது 1,12,000.

"எனக்கே தெரியாதுங்க சார், நான் வாங்குனப்பவே இப்படித்தான் இருந்துச்சு." இருக்கலாம். மீட்டரைக் குறைத்தவர் இவருக்கு விற்ற புரோக்கராகவும் இருக்கலாம், அந்த டாக்டராகவும் இருக்கலாம். ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் ஓடியதாகவே வைத்துக்கொண்டாலும் டீசல் ஸ்விஃப்ட் மோசமான வண்டி இல்லை. ஆனால் அதற்கு விலை வேறு, அடுத்து வரப்போகும் கிளட்ச், சஸ்பென்ஷன் செலவு வேறு. எல்லாவற்றையும் விட, கடைசி ஜாப் கார்டுக்குப் பிறகு எவ்வளவு ஓடியது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. நண்பர் ஒன்றே கால் லட்சம் கிலோமீட்டர் வண்டிக்கான விலையைச் சொன்னார். படியவில்லை, திரும்பிவிட்டோம்.

ஆர்.சி.யில் பார்க்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.பி. வரியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், "டியூ முடிஞ்சிடுச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஃபைனான்ஸின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கைக்கு வர வேண்டும். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதை நெருங்கிய வண்டி சல்லிசாக வந்தால், ஐந்து ஆண்டு புதுப்பிப்புக்கான செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பசுமை வரி தனி. டெல்லிப் பதிவு வண்டி பாதி விலைக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 10 ஆண்டு தாண்டிய டீசலும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலும் அங்கே ஓடக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்த பிறகு, அவற்றுக்கு அங்கே மதிப்பு சரிந்தது. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி., மறுபதிவு, ஆயுள் வரி எல்லாம் உங்கள் தலையில்.

பணம் கைமாறியதும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விற்றவரையும் இதற்கு வற்புறுத்துங்கள். அவரிடம் சொல்ல வேண்டியது, அதே 2018-இல் வந்த இன்னொரு தீர்ப்பு: விபத்து நஷ்டஈட்டு வழக்கில் ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. இதைச் சொன்னால், படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்துப் போட இழுத்தடிக்கிறவர்களும் பேனாவை எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த வாரம், குளிர்ந்த இன்ஜினும் டெஸ்ட் டிரைவும்.

(தொடரும்)